இறங்குதல் இழிவாமோ?

மனிதன் ஏறும்போது உலகம் காரணம் கேட்பதில்லை, இறங்கும்போதே கேட்கிறது. சம்பளம் உயர்ந்து ஒருவன் சிறிய வீட்டை விட்டுப் பெரிய வீட்டிற்குக் குடிபோனால் அஃது இயற்கை என்று கருதப்படுகிறது. அவனே பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டிற்கு வந்துவிட்டால், என்ன நேர்ந்ததோ என்று அண்டை அயலார் கூடிப் பேசத் தொடங்குகின்றனர். வீட்டிற்கு உள்ள இந்த நியாயம் இந்நாட்டில் மோட்டார் காருக்கு இன்னும் அதிகமாக உண்டு. வீடு ஓரிடத்தில் நிற்பது; வந்து பார்ப்பவரே அதனை அறிவர். காரோ தன்னை உடையவனைச் சுமந்துகொண்டு ஊரெங்கும் சென்று அவன் நிலையைப் பறைசாற்றுவது. ஆதலின், ஆற்றல் மிகுந்த காரை வைத்திருந்த ஒருவர் அதனை விற்றுவிட்டு ஆற்றல் குறைந்த கார் ஒன்றை ஓட்டத் தொடங்குவாராயின், அவர் தாழ்ந்துவிட்டார் என்பதே நம்மவரில் பெரும்பாலோரின் தீர்ப்பு. இத்தீர்ப்பு நியாயமானதுதானா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோமாக.

வசதி படைத்த சிலரைப் பற்றிய அற்ப விஷயம் இது என்று நேயர்கள் ஒதுக்கிவிடலாகாது. இன்று மலேசியாவில் கார் பணக்காரரின் தனியுடைமையன்று. பேருந்து எட்டாத தோட்டங்களிலும் புறநகர்க் குடியிருப்புகளிலும் அஃது இன்றியமையாத கருவியாகிவிட்டது. அதற்காகப் பெறும் தவணைக் கடனோ ஒன்பது ஆண்டு வரை நீள்கிறது. ஒன்பது ஆண்டு என்பது, முதலாம் ஆண்டில் சேர்ந்த குழந்தை மூன்றாம் படிவத்தை முடிக்கும் காலம். அத்துணைக் காலம் ஒரு குடும்பத்தின் வருமானத்தில் முதற்பங்கைக் கேட்டு நிற்கும் பொருளை எவ்வளவில் வாங்குவது என்பது வெறும் கடைத்தெருக் கேள்வியன்று. வாழ்க்கை நெறியைப் பற்றிய கேள்வி.

முதற்கண், காரின் ஆற்றல் என்று நாம் சொல்லுவது யாது? எஞ்சினின் ஆற்றலைக் குதிரைச் சக்தியால் அளக்கும் முறையை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைநாட்டியவர் ஸ்காட்லாந்து தேசத்து ஜேம்ஸ் வாட். அவர் நீராவி எஞ்சின் செய்து விற்றவர். அவரிடம் வாங்க வந்தவர்களோ ஆலைகளில் குதிரைகளைக் கட்டி வேலை வாங்கியவர்கள். அந்த எஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று அவர்கள் அறிய விரும்பினர். அதற்கு விடையாகவே, ஒரு நிமிஷத்தில் 33,000 ராத்தல் எடையை ஓர் அடி உயரம் தூக்கும் வேலையை ஒரு குதிரைச் சக்தி என்று வாட் வகுத்தார். இவ்வளவு வேலைக்கிருந்து பிறந்ததேயன்றி அந்தஸ்திலிருந்து பிறந்ததன்று என்பது நோக்கத்தக்கது. நான்கு குதிரைகளின் வேலை மட்டுமே உள்ள ஆலைக்காரர் நாற்பது குதிரைச் சக்தி எஞ்சினை வாங்கியிருப்பாராயின், அயலார் அவரை மெச்சியிருக்கமாட்டார்கள். கணக்குத் தெரியாதவர் என்றே நகைத்திருப்பார்கள்.

இனி, நம் காருக்கு உள்ள வேலை எவ்வளவு என்று பார்ப்போம். மலேசியாவின் நெடுஞ்சாலைகளில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். சமதளச் சாலையில் சாதாரணமான கார் ஒன்று அவ்வேகத்தில் சீராக ஓடுவதற்குச் சுமார் 20 முதல் 30 குதிரைச் சக்தியே தேவைப்படுகிறது. அதிலும் பெரும்பகுதி காற்றின் தடையைப் பிளப்பதற்கே செலவாகிறது. 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரோடுவா அக்ஸியா போன்ற 1000 சி.சி. காரின் எஞ்சின் 65 குதிரைச் சக்திக்குச் சற்று மேற்பட்டது. அதாவது, நம் மக்கள் 'சின்னக் கார்' என்று சொல்லி உதட்டைப் பிதுக்கும் வண்டியிலேயே, சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகத்திற்கு வேண்டிய ஆற்றலைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. இருநூறு குதிரைச் சக்தி உள்ள காரை வைத்திருப்பவர், அதே சாலையில் அதே வேகத்தில் அதே அலுவலகத்திற்குச் செல்லும்போது, அவர் குதிரைகளில் பெரும்பாலானவை லாயத்தில் நின்று தீனி மட்டும் தின்கின்றன. இது வெறும் உவமையன்று. பெரிய பெட்ரோல் எஞ்சின் குறைந்த பளுவில் ஓடும்போது அதன் திறமை குன்றுகிறது. செய்யும் வேலைக்கு வேண்டியதினும் அதிகமான எண்ணெயை அது குடிக்கிறது.

அந்தத் தீனியின் கணக்கு எண்ணெயோடு நிற்பதில்லை. தீபகற்ப மலேசியாவில் சொந்த உபயோகத்திற்கான பெட்ரோல் சலூன் கார்களுக்குச் சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. 1000 சி.சி. வரை ஆண்டுக்கு 20 வெள்ளி. 2000 சி.சி. காருக்கு 380 வெள்ளி. 2500 சி.சி. காருக்கு 880 வெள்ளி. 3000 சி.சி. காருக்கோ 2,130 வெள்ளி. கொள்ளளவு மூன்று மடங்கானால் வரி நூறு மடங்குக்கு மேலாகிறது. டயர், காப்புறுதி, உதிரிப் பாகங்கள் ஆகியவற்றின் விலையும் பெரும்பாலும் இவ்வழியிலேயே ஏறிச் செல்லுகிறது. கணக்குப் புத்தகத்தோடு காலம் கழிக்கும் கிராணியாகிய எமக்கு, வரவுப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் செலவுப் பக்கத்தில் மட்டும் எழுதப்படும் இத்தகைய இனம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அரசன் போருக்கு எழுமுன் தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் எடை போட வேண்டும் என்று தொடங்கும் அவ்வதிகாரம், வரவையும் செலவையும் அளந்து வாழும் குடும்பக் கணக்கில் வந்து முடிகிறது. வலிமையைப் பற்றிய அதிகாரத்தில் அடுப்பங்கரைக் கணக்குக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். இரண்டும் ஒரே அறிவு என்பதே அதன் கருத்து எனத் தோன்றுகிறது. வலிமை உடையவன் என்பவன் வலிமையை நிறையச் சேர்த்தவன் அல்லன். எந்தக் காரியத்திற்கு எவ்வளவு வேண்டும் என்று அறிந்தவன்.

ஆற்றலைக் குறைத்ததனால் உயர்ந்தவருக்கும் வரலாற்றில் சான்று உண்டு. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பவர் முதல் உலக யுத்தத்திற்குப் பின் பெரியதொரு 20 குதிரைச் சக்திக் காரையே நம்பித் தம் தொழிற்சாலையை நடத்தினார். விற்பனை போதாமல் 1921-ல் அத்தொழிற்சாலையின் நிர்வாகம் கடன் கொடுத்தோர் சார்பில் அமர்த்தப்பட்டவர் கைக்குப் போயிற்று. அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் அரசாங்கம் குதிரைச் சக்தி ஒன்றுக்கு ஒரு பவுன் என்று கார் வரியும் விதித்தது. ஆஸ்டின் துணிந்து, 1922-ல் 'ஆஸ்டின் செவன்' என்னும் மிகச் சிறிய காரை வெளியிட்டார். அதன் எஞ்சின் விரைவில் 747 சி.சி. அளவில் நிலைபெற்றது. பொம்மை வண்டி என்று நகைத்தவர் உண்டு. ஆனால் 1939 வரை ஏறத்தாழ 290,000 வண்டிகள் செய்யப்பட்டன. அதுவரை மோட்டார் சைக்கிளின் பக்கத் தொட்டிலில் மனைவி மக்களை ஏற்றிச் சென்ற சாதாரண மனிதன் கூரையின் கீழ் அமர்ந்து பயணம் செய்யலானான். நம் நாட்டிலும் 1994-ல் வந்த 660 சி.சி. கஞ்சில் கார் எத்தனை குடும்பங்களை மழையிலிருந்து காத்தது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். ஆற்றல் குறைந்த வண்டி பலரைக் கரையேற்றிய வண்டியாக இருந்திருக்கிறது.

இவ்வளவும் கணக்கு. கணக்கு மட்டுமே மனிதனின் மனத்தை மாற்றிவிடுமாயின் உலகில் கடன்காரரே இருக்கமாட்டார்கள். பெரிய காரை விரும்புவோர் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களையும் நாம் நேர்மையோடு கேட்க வேண்டும்.

'மலைப்பாதையில் ஏறுவதற்கும், இருவழிச் சாலையில் லோரியை முந்துவதற்கும் ஆற்றல் வேண்டாமா?' என்பர். வேண்டியதுதான். கேமரன் மலைக்கு வாரந்தோறும் சரக்கோடு செல்பவரும், ஏழு பேர் உள்ள குடும்பத்தை ஏற்றிச் செல்பவரும் அதற்குத் தக்க எஞ்சினை வாங்குதல் முறையே. வேலை அதிகமானால் சக்தியும் அதிகமாக வேண்டும் என்பது வாட் வகுத்த நியாயமே. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை மலை ஏறுபவர் முந்நூற்று அறுபத்துநான்கு நாளும் மலையைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை. முந்துவதைப் பற்றியோ ஒரு வார்த்தை: வேகம் இரண்டு மடங்கானால், பிரேக்கைப் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. முந்துவதற்கு உதவும் எஞ்சின் நிறுத்துவதற்கு உதவாது. எனவே, ஆற்றல் குறைந்த வண்டி ஓட்டுபவர் முந்தாமல் பொறுத்திருக்கக் கற்றுக்கொள்வது நஷ்டமாகாது.

'கனமான பெரிய கார் விபத்தில் நம்மைக் காக்குமே' என்பது அடுத்த நியாயம். உள்ளே இருப்பவரைக் காக்கும் என்பது பெரும்பாலும் மெய். வெளியே இருப்பவர் கதி என்ன? மலேசியாவில் சாலை விபத்துகளில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். விடியற்காலை இருட்டில் கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஆலைக்கும் தோட்டத்திற்கும் செல்லும் அவர்கள் யார்? நம் தம்பியரும் தங்கையரும் அல்லரோ? எமது பாதுகாப்பை அவர்களுடைய அபாயத்தால் விலைக்கு வாங்குவது, பாதுகாப்பு என்னும் பெயருக்குத் தகுமா என்று நெஞ்சில் கை வைத்து எண்ண வேண்டும்.

'ஆற்றலோடு ஓட்டுவதில் ஓர் ஆனந்தம் உண்டு, அதுவும் குற்றமா?' என்று கேட்போரும் உளர். குற்றமன்று. நன்றாகச் செய்யப்பட்ட எஞ்சின் காலடியில் விழித்தெழுவதை உணர்ந்து மகிழ்வது, நல்ல நாதசுரத்தைக் கேட்டு மகிழ்வதைப் போன்றதே. அம்மகிழ்ச்சிக்காகவே வாங்கி, அதன் விலையைத் தாமே கொடுத்து, பிறருக்கு அபாயம் செய்யாமல் ஓட்டுபவரோடு எமக்கு வழக்கில்லை. ஆனால் அப்படிப்பட்டவர் அரியர். பெரும்பாலோர் ஆனந்தத்திற்காக வாங்குவதில்லை. அவமானத்திற்கு அஞ்சி வாங்குகின்றனர்.

இங்கேதான் நாம் விஷயத்தின் வேருக்கு வருகிறோம். அந்த அச்சத்தை வெறும் டம்பம் என்று எள்ளி நகையாடுவது எளிது, நியாயமன்று. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஹென்றி போர்டின் 'மாடல் டி' கார் 1908-ல் வெளிவந்து, 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. அத்தகைய கார்களின் டயர்களுக்கு வேண்டிய ரப்பருக்காக மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் விடியுமுன் பெரட்டில் நின்று, பால்வாளி சுமந்து, மரம் வெட்டியவர்கள் நம் முன்னோர். அவர்கள் எடுத்த பால் உலகத்தின் சக்கரங்களை உருட்டியது, அவர்களோ நடந்தார்கள். நடந்தது மட்டுமன்று. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்றை இன்று படிப்பவர் திடுக்கிடுவர். எதிரே மேலதிகாரி வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. கூலி உயர்வோடு சமமாக வைத்து அதனைக் கேட்டார்கள். வயிற்றுக்குக் கேட்ட அதே மூச்சில் மானத்திற்கும் கேட்டார்கள்.

இந்த நினைவு நம் இரத்தத்தில் ஊறியிருக்கும்போது, தோட்டத்திலிருந்து புறப்பட்டுப் படித்து உத்தியோகம் பெற்ற பிள்ளை பெரிய காரில் வந்து லயத்துக் கோயில் திருவிழாவில் இறங்கும்போது, அதனைப் பார்க்கும் கிழவியின் கண்ணில் நீர் ததும்புவது ஏன் என்று விளங்கும். அந்தக் கண்ணீரை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் ஒரு கேள்வி கேட்போம். அக்காலத்தில் சைக்கிளை விட்டு இறங்கியது ஏன் இழிவாயிற்று? இறங்கும் செயலில் இழிவில்லை. நண்பனைக் கண்டால் எவனும் மகிழ்ந்து இறங்குவான். பிறன் ஆணைக்கு அஞ்சி இறங்கியதே இழிவு. அவ்வாறாயின், பிறர் வாய்க்கு அஞ்சி, இறங்க விரும்பியும் இறங்க மாட்டாமல் பெரிய வண்டியிலேயே உட்கார்ந்திருப்பது எவ்வாறு மானமாகும்? அன்று துரையின் கண் நம்மை இறக்கியது. இன்று ஊராரின் கண் நம்மை இறங்கவிடாமல் கட்டிப் போடுகிறது. ஆணையிடுபவர் மாறினாரேயன்றி அடிமைத்தனம் மாறவில்லை.

எமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் அலுவல் பார்ப்பவர். 2500 சி.சி. கார் வைத்திருந்தார், கடனும் தீர்ந்துவிட்டது, இன்னும் சில ஆண்டு அதனை ஓட்டும் வசதியும் இருந்தது. ஆயினும், தாம் நாளொன்றுக்குச் செல்வது இருபது கிலோமீட்டரே என்று கணக்கிட்டு, அதனை விற்று 1000 சி.சி. கார் ஒன்றை ரொக்கத்திற்கு வாங்கினார். முதலில் கலங்கியவர் அவருடைய தாயார். "ஏனப்பா, கையிலே ஏதும் சிரமமா? எங்கிட்டே மறைக்காதே" என்று கேட்டார். "சிரமம் ஒன்றும் இல்லையம்மா. அவ்வளவு பெரிய வண்டிக்கு நம்மிடம் வேலை இல்லை" என்றார் மகன். தாயார் நம்பவில்லை. உறவினர் திருமணம் ஒன்றில், கடன் முற்றிப்போயிற்றாம் என்று காதோடு காதாகப் பேச்சும் நடந்தது. அவர் மறுத்துப் பேசவில்லை.

அத்திருமணத்திற்கு வந்தவர்களில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பியும் ஒருவர். பாதுகாவல் வேலை செய்து நான்கு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். அவரிடம் இருப்பதும் சிறிய பழைய காரே. விசேஷங்களுக்கு வரும்போதெல்லாம் அதனை மண்டபத்துக்கு எட்டாத தூரத்தில், பின் சந்தில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு வருவது அவர் வழக்கம். சில மாதங்களுக்குப் பின் நடந்த வேறொரு விசேஷத்தில், அவர் நேரே மண்டப வாயிலுக்கு வந்து, "அண்ணன் காருக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எவரும் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. சமத்துவத்தைப் பற்றிச் சொற்பொழிவும் நிகழவில்லை. பெரிய கார் வாங்கக்கூடிய ஒருவர் சிறிய காரில் வந்ததே அவருக்குப் போதுமானதாயிற்று.

இதுவே நாம் சொல்ல விரும்பும் கருத்து. ஆற்றலைக் குறைத்துக்கொள்வதன் நன்மை, குறைத்துக்கொள்பவரின் பணப்பையோடு முடிவதில்லை. சிறிய கார் ஏழைமையின் அடையாளம் என்றிருக்கும் வரையில், வேறு வழியின்றி அதனை வைத்திருப்பவர் ஒவ்வொரு நாளும் வெட்கத்தைச் சுமக்கிறார். வழி உள்ளவரும் அதனையே விரும்பி ஓட்டத் தொடங்கும்போது, அந்த அடையாளம் பொய்த்துப் போகிறது. இவர் இல்லாமையால் ஓட்டுகிறாரா, விருப்பத்தால் ஓட்டுகிறாரா என்று ஊரார் கண்டுபிடிக்க முடியாத நிலை உண்டாகிறது. அந்நிலைதான் இல்லாதவனுக்கு நிழல். வேலை போய், நோய் வந்து, கடன் ஏறி, மெய்யாகவே வண்டியை விற்க நேர்ந்தவன் அந்நிழலில் தலை நிமிர்ந்து நடக்கலாம். கொடையில் பொருளைக் கொடுப்பது ஒரு வகை. தனக்குரிய பெருமையை விட்டுக்கொடுத்துப் பிறன் வெட்கத்தைத் தீர்ப்பது மற்றொரு வகை. பின்னதற்கு ரசீது கிடைப்பதில்லை. பத்திரிகையில் படமும் வருவதில்லை.

இதனைச் சட்டம் செய்துவிடும் என்று எண்ணுவதும் வீண். சிங்கப்பூர் அரசாங்கம் 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் விட்டு, சிறிய கார்களுக்குத் தனி வகுப்பும் ஒதுக்கியது. காலப்போக்கில், கொள்ளளவில் சிறுத்து ஆற்றலில் பெருத்த விலையுயர்ந்த கார்கள் அவ்வகுப்பிலேயே நுழைந்துகொண்டன. 2014-ல், 1600 சி.சி. என்பதோடு 97 கிலோவாட், அதாவது 130 குதிரைச் சக்தி, என்னும் வரம்பையும் சேர்க்க வேண்டியதாயிற்று. சட்டம் எஞ்சினை அளக்கலாம். ஆசையை அளக்கும் கோல் அதனிடம் இல்லை. அந்தக் கோல் அவரவர் உள்ளத்திலேதான் இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'பார், நான் எவ்வளவு எளிமையானவன்' என்று சிறிய காரின் மேல் ஏறி நின்று கூவுபவர், பெரிய காரில் போகிறவரைக் காட்டிலும் ஒரு படி அதிகமான டம்பக்காரர். அவர் குதிரைச் சக்தியை விட்டாரேயன்றிக் குதிரை ஏற்றத்தை விடவில்லை. அண்டை வீட்டான் பெரிய கார் வாங்கினால் அவனைப் பழிப்பதும் நம் வேலையன்று. அவன் வேலை எவ்வளவு என்று நாம் அறியோம். தோட்டத்தில் வளர்ந்த ஒருவன் தன் வாழ்நாளில் ஒரு முறை நல்ல காரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினால், அவ்விருப்பத்தையும் நாம் மதிக்க வேண்டும்.

ஆதலின் நேயர்களே, அடுத்த முறை கார் வாங்கப் போகும்போது விற்பவர் எத்தனை குதிரைச் சக்தி என்று சொல்லுவார். அதற்கு முன் நம் வேலை எத்தனை குதிரை என்று வீட்டிலேயே, மனைவி மக்களோடு உட்கார்ந்து, கணக்கிட்டுக்கொண்டு போவோமாக. பெரிய வண்டியை விட்டுச் சிறிய வண்டிக்கு மாறிய ஒருவரைக் காணும்போது, "என்ன நேர்ந்தது?" என்று கேட்பதை விட்டுவிடுவோமாக. ஒன்றும் நேராமலும் இருக்கலாம். பெருந்துன்பம் நேர்ந்தும் இருக்கலாம். இரண்டிலும் அக்கேள்வியால் பயனில்லை. "வண்டி நன்றாக ஓடுகிறதா?" என்று கேட்போம். அவ்வொரு கேள்வி இருவருக்கும் பொருந்தும்; இருவரையும் சமமாக வைக்கும்.